கண்டிக்கு வந்த சுங்கான்

இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சியில் கண்டி நாட்டில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் பிடிபட்டுக் கிடந்தவர் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர். 1681இல் லண்டனில் வெளியான தன் நூலில் அவர் புகையிலையைப் பற்றியும் கொஞ்சம் எழுதியிருக்கிறார். கண்டி மக்கள் அதைக் கெட்ட பழக்கமாகவே எண்ணினார்கள் என்கிறார். ஆனாலும் ஆணும் பெண்ணும் அதைப் பாவித்தார்களாம். சுங்கானில் போட்டுப் புகைத்ததைவிட வாயில் போட்டு மென்றதே கூடுதலாம். சுங்கான் கண்டிக்கு எப்போது வந்தது என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. முந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அது இங்கே இருந்திருக்கிறது, ஆனால் ஊரோடு ஒட்டவில்லை. இன்று முதன்முதலாக ஒரு சுங்கான் வாங்க ஆசைப்படும் இளைஞர், அது வந்த வழியைத் தெரிந்துகொண்டால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

நொக்ஸின் கதையில் புகையிலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. உடுநுவரையில் எலதெத்த கிராமத்தில் குடியிருந்த அவர், தொப்பி பின்னி விற்றும் ஊரூராகச் சாமான் சுமந்து விற்றும் பிழைத்தார். தப்பி ஓட நேரம் வந்தபோது அந்த வியாபாரி வேடமே கைகொடுத்தது. அவரும் தோழர் ஸ்டீபன் ரட்லண்டும் வடக்கு நோக்கி நடந்தபோது மூட்டையில் மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான்களோடு புகையிலையும் இருந்தது. 1679 ஒக்டோபரில் மன்னார்க் கரையின் அரிப்புக் கோட்டையில் ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தார்கள். வழியிலுள்ள கிராமங்களில் விலைபோகும் சரக்காகப் புகையிலை அப்போதே ஆகிவிட்டது என்பதை அந்த மூட்டையே காட்டுகிறது.

அந்தக் காலத்து ஐரோப்பியச் சுங்கான் வெள்ளைக் களிமண்ணில் செய்தது. ஒல்லாந்தின் கௌடா நகரம் அதற்குப் பேர்போன இடம். மலிவானது, இலையின் சுவையைக் கெடுக்காது. ஆனால் கிண்ணம் கையைச் சுடும், தவறி விழுந்தால் அதோடு முடிந்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

சுங்கான் என்றதும் இன்று நம் கண்ணில் நிற்கும் பழுப்பு மரக் கிண்ணம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பரவியது. மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் எரிக்கா ஆர்போரியா என்றொரு புதர்மரம் வளர்கிறது. அதன் தண்டும் வேரும் சேருமிடத்தில், மண்ணுக்குள், ஒரு முண்டு திரளும். பிரையர் என்பது அதுதான். பல பத்தாண்டுகள் முற்றிய முண்டையே தோண்டி எடுப்பார்கள். துண்டுகளாக அறுத்து, செப்புக் கொப்பரையில் மணிக்கணக்காக அவித்துச் சாற்றை இறக்கி, பிறகு மாதக்கணக்கில் உலரவிடுவார்கள். இந்த அவிப்பையும் உலர்த்தலையும் அவசரப்படுத்தினால் மரம் கசக்கும், வெடிக்கும். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் உள்ள செயின்ட் குளோட் ஊரில் மரக்கடைசல் ஏற்கெனவே தேர்ந்த கைத்தொழில். 1850களில் பிரையர் அந்தக் கைகளுக்கு வந்து சேர்ந்தது. சூடு தாங்கும், எளிதில் தீப்பற்றாது, கையில் இலேசாக இருக்கும். களிமண்ணை ஓரங்கட்ட இது போதுமாக இருந்தது.

வாய்க்குழலின் கதை நம் தீவையும் தொடுகிறது. பழைய சுங்கான்களின் கறுப்பு வாய்க்குழல் வல்கனைட், அதாவது இறப்பரில் கந்தகம் சேர்த்துச் சூட்டில் கெட்டியாக்கியது. பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகளை லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைத்து, அந்தக் கன்றுகளை 1876இல் இலங்கைக்கு அனுப்பினார்கள். கம்பஹாவின் ஹெனரத்கொடை தாவரவியல் தோட்டத்தில் அவை வேர்பிடித்தன. பின்னர் இலங்கை இறப்பர் உலகச் சந்தைக்குப் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த சுங்கான்கள் சிலவற்றின் வாய்க்குழலில் நம் மண்ணின் பால் கலந்திருக்க நிறையவே இடமுண்டு.

பிரையர் பரவிய அதே காலத்தில், 1854இல், தோட்டத் துரைமார் கண்டியில் தமக்கொரு சங்கம் அமைத்தார்கள். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். பிரையர் சுங்கான் மலைநாட்டுக்கு ஏறியது இந்தத் துரைமாரின் சட்டைப்பையில்தான். பங்களா விறாந்தையில், வேலை முடிந்த மாலையில், அதற்கு இடம் கிடைத்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குள் அது இறங்கவில்லை. காரணம் விலை மட்டுமல்ல என்பது என் எண்ணம். சுங்கானை நிரப்ப வேண்டும், அமுக்க வேண்டும், அணைய அணையப் பற்றவைக்க வேண்டும். அதற்கு ஓய்வும் காய்ந்த கையும் வேண்டும். மழையில் நனைந்தபடி இரண்டு கையாலும் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலையும் புகையிலையும் கையைக் கேட்கவில்லை. ஆண்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சுருட்டு இருந்தது. மென்றதே கூடுதல் என்று நொக்ஸ் எழுதியது தோட்டங்களிலும் அப்படியே தொடர்ந்தது.

கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கில் புகையிலையே விளைந்தது. பக்கத்திலேயே இலை விளைந்தும் கண்டி சுங்கான் ஊராக மாறவில்லை.

இனி, ஒரு சுங்கானைக் கையில் எடுங்கள். வாய்க்குழலைக் கழற்றாமலே பைப் கிளீனர் ஒன்றை வாய்ப்பக்கத்திலிருந்து உள்ளே தள்ளுங்கள். எங்கும் முட்டாமல் போய்க் கிண்ணத்தின் அடியில் அதன் நுனி தெரிய வேண்டும். பிறகு வெளிச்சத்தில் கிண்ணத்துக்குள் பாருங்கள். துளை சரியாக நடுவில், அடித்தளத்தோடு ஒட்டித் திறந்திருக்க வேண்டும். உயரத்தில் திறந்தால் அடியிலுள்ள இலை எரியாது. ஈரம் தேங்கி, இழுக்கும்போதெல்லாம் களகளவென்று சத்தம் வரும். அழகான சுங்கான் பலவும் தோற்பது இந்த ஒரே சோதனையில்தான். கடைக்காரர் எவ்வளவு புகழ்ந்தாலும் இதில் தேறாததை வைத்துவிடுங்கள்.

எடை 35 முதல் 45 கிராமுக்குள் இருந்தால் தாடை நோகாது. கிண்ணத்தின் உள்வாய் இரண்டு சென்ரிமீற்றரை ஒட்டியும், சுவர் ஆறு மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இருக்கட்டும். மெல்லிய சுவர் கையைச் சுடும். வளைந்ததைவிட நேரானது சுத்தம் செய்ய எளிது. கண்ணாடிபோல் மினுங்கும் தடித்த வார்னிஷ் பூச்சு சூட்டில் கொப்புளிக்கும். மரத்தின் வரியோட்டம் திடீரென நின்று மங்கலான பொட்டு தெரிந்தால் அது பள்ளத்தை அடைத்த மக்கு. வெளியே சிறியதாக இருந்தால் பாதகமில்லை.

பழைய சுங்கான் என்றால் வாய்க்குழல் பச்சை கலந்த பழுப்பாக நிறம் மாறியிருக்கும். முகர்ந்தால் அப்போதுதான் உரசிய தீக்குச்சி போலக் கந்தகம் மணக்கும். அதைத் தேய்த்துச் சரிசெய்யலாம், அதற்காகப் பயப்படத் தேவையில்லை. பயப்பட வேண்டியது கிண்ணத்துக்குள். அங்கே கரிப்படை ஒரு மில்லிமீற்றர் இருந்தால் மரத்துக்குக் காப்பு. தடித்துப் போயிருந்தால் சூட்டில் விரிந்து மரத்தையே பிளக்கும். வெடிப்புகளை அந்தக் கரி மறைத்தும் வைக்கும். கண்டியின் ஈரக்காற்றில் சுத்தம் செய்யாமல் மூடிவைத்த சுங்கான் பூஞ்சணம் பிடிக்கும். ஒருமுறை பாவித்ததை ஒருநாளாவது காயவிட வேண்டும்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1869 முதல் சோளக்கதிர் நெட்டியில் சுங்கான் செய்கிறார்கள். விலை குறைவு, புகைத்துப் பழக்க வேண்டிய தேவையும் இல்லை. புதியவருக்குப் பிரையரைவிட அதுவே பொருத்தம்.

ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு இதையெல்லாம் சொல்வது நேர்மையல்ல. சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே கெடுதல் இல்லை என்று சொல்லித்தான் பலரை இதற்குள் இழுக்கிறார்கள். அந்தப் புகை காரத்தன்மை உடையது. வாயின் உட்தோல் வழியாகவே நிக்கொட்டின் இரத்தத்தில் கலக்கும். உதடு, நாக்கு, தொண்டை, நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் அபாயம் சுங்கான் பிடிப்பவர்களுக்கும் உண்டு. வெற்றிலையோடு மெல்லும் புகையிலை இதில் எந்த விதத்திலும் குறைந்ததல்ல. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அதன் முதற்காரணம் இந்த மெல்லும் பழக்கம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பதைத் தடுத்தது. மெல்லும் புகையிலைப் பொருட்களுக்கு 2016இல் தடை வந்தது.

ஆகவே சுங்கான் வாங்குங்கள், மேலே சொன்ன சோதனைகளைச் செய்து நல்லதாகவே வாங்குங்கள், பற்றவைக்காமல் வையுங்கள். ஏற்கெனவே புகைப்பவராகவோ வெற்றிலையோடு புகையிலை போடுபவராகவோ இருந்தால், கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் இவற்றில் எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். அரசாங்க வைத்தியசாலைதான், பார்ப்பதற்குப் பணம் கேட்கமாட்டார்கள்.