திசைமாற்றிச் சக்கர மாற்றீடு

திசைமாற்றிச் சக்கர மாற்றீடு என்பது, தானுந்து ஒன்றில் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட திசைமாற்றிச் சக்கரத்தைக் (பொது வழக்கில்: ஸ்டியரிங்) கழற்றிவிட்டு, வேறு நிறுவனம் தயாரித்த சக்கரத்தைப் பொருத்துவதைக் குறிக்கும். மூல உதிரிப்பாகங்கள் கிடைக்காத பழைய வண்டிகளில் இம்மாற்றீடு பரவலாகச் செய்யப்படுகின்றது. சிலர் தோற்றத்திற்காகவும், சிலர் கைப்பிடி வசதிக்காகவும் இதனைச் செய்கின்றனர். எளிய வேலையாகத் தோன்றினாலும், ஓட்டுநருக்கும் சில்லுகளுக்கும் இடையிலுள்ள ஒரே இணைப்பைக் கழற்றி மாட்டும் வேலை இது என்பதால், இதில் நேரும் பிழை உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் 1960களில் பெரிய உந்துபொறி கொண்ட இரு கதவுத் தானுந்துகள் 'மசில் கார்' என்று அழைக்கப்பட்டன. 1964ஆம் ஆண்டின் போன்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகையின் முன்னோடியாகப் பொதுவாகக் கருதப்படுகின்றது. அதன் உந்துபொறியின் கொள்ளளவு ஏறத்தாழ 6.4 லிட்டர். இத்தாலியின் நார்டி, மோமோ போன்ற நிறுவனங்கள் பந்தய வண்டிகளுக்கும் சாலை வண்டிகளுக்கும் தனியே சக்கரங்களைத் தயாரித்துப் புகழ் பெற்றன.

இந்தியாவில் இவ்வகைக்கு இணையாக ஆர்வலர்கள் குறிப்பிடுவது இந்துஸ்தான் கான்டெஸ்ஸா ஆகும். பிரித்தானியாவின் வாக்சால் விக்டர் வண்டியை அடிப்படையாகக் கொண்ட இது, 1984 முதல் 2002 வரை மேற்கு வங்காளத்தின் உத்தரபாரா தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. தொடக்கத்தில் அம்பாசடரின் 1489 கன சென்டிமீட்டர் உந்துபொறியே இதில் இருந்தது. பின்னர் ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் உந்துபொறி பொருத்தப்பட்டது. நீண்ட முன்மூடியும் அகன்ற உடலுமே இதற்கு 'இந்திய மசில் கார்' என்ற பெயரைப் பெற்றுத் தந்தன. வலுவில் இது அமெரிக்க வண்டிகளுக்கு அருகில்கூட வரவில்லை.

தமிழ்நாட்டில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாடெங்கும் ஓடிய அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றின் தயாரிப்பும் நின்றுவிட்டது. அம்பாசடர் 2014ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது. மதுரை, டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனத்தின் வழியாக நெடுநாளாகவே வண்டித் தொழிலோடு தொடர்புடைய நகரம். இத்தகைய ஊர்களின் பட்டறைகளே பழைய வண்டிகளை ஓடவைத்துக் கொண்டிருக்கின்றன.

உறுப்புகள்

மாட்டு வண்டிச் சக்கரத்தைப் போலவே திசைமாற்றிச் சக்கரத்துக்கும் குடம், ஆரக்கால், வட்டை என்னும் மூன்று பகுதிகள் உண்டு. தொழிற்சாலைச் சக்கரத்தில் இவை மூன்றும் ஒரே பாகமாக இருக்கும். வெளிச்சந்தைச் சக்கரத்தில் குடம் தனியே விற்கப்படுகின்றது. குடத்தின் ஒரு முனை வண்டியின் திசைமாற்றித் தண்டிலுள்ள வரிப்பற்களில் (பட்டறை வழக்கில் 'ஸ்பிளைன்') அமர்கிறது. மறுமுனையில் சக்கரம் ஆறு திருகாணிகளால் பிணைக்கப்படுகின்றது.

இந்த ஆறு துளைகளும் அமையும் வட்டத்தின் விட்டம் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். மோமோ, ஸ்பார்கோ, ஓ.எம்.பி. ஆகியவற்றில் அது 70 மில்லிமீட்டர்; நார்டி, பெர்சனல் ஆகியவற்றில் 74 மில்லிமீட்டர். ஆகவே சக்கரத்தையும் குடத்தையும் தனித்தனியே வாங்குவோர் முதலில் இவ்வளவைச் சரிபார்க்க வேண்டும். 4 மில்லிமீட்டர்தானே என்று துளையை அராவிப் பொருத்துவது தவறு. அவ்வாறு செய்தால் திருகாணிகள் சுமையைச் சமமாகப் பகிர்ந்து கொள்ளா.

விட்டமும் விசையும்

தண்டைத் திருப்பத் தேவையான முறுக்குவிசை மாறாதபோது, வட்டையில் கை செலுத்த வேண்டிய விசை சக்கரத்தின் விட்டத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். எடுத்துக்காட்டாக, 400 மில்லிமீட்டர் சக்கரத்தை நீக்கி 350 மில்லிமீட்டர் சக்கரத்தைப் பொருத்தினால், தேவைப்படும் விசை ஏறத்தாழ 14 விழுக்காடு கூடும். நான்குவழிச் சாலையில் இது பெரிதாகத் தெரியாது. மதுரையின் மாசி வீதிகள் போன்ற நெரிசலான தெருக்களில் மெதுவாகத் திருப்பும்போதும், வண்டியை நிறுத்தும்போதும் கை வலியாகத் தெரியும். வலுவூட்டப்பட்ட திசைமாற்றி இல்லாத வண்டிகளில் மிகச் சிறிய சக்கரம் பொருத்தமற்றது.

மூடுபொருளும் கவனிக்கத்தக்கது. கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பத்தில் வெயிலில் நிற்கும் வண்டிக்குள், மலிவான நெகிழி உறைகள் பிசுபிசுத்து வழுக்கத் தொடங்கும். மரச் சக்கரங்களின் மெருகு வெடிக்கும்.

பொருத்தும் முறை

1. முன்சில்லுகளை நேராக நிறுத்தி, மின்கலத்தின் எதிர்முனை இணைப்பைக் கழற்ற வேண்டும்.
2. ஒலிப்பான் பொத்தானை எடுத்து, அதன் கம்பியை விடுவிக்க வேண்டும்.
3. தண்டிலும் பழைய குடத்திலும் நேர்க்கோட்டில் அடையாளம் இட வேண்டும்.
4. நடு மரையைத் தளர்த்தி, சில புரிகள் மட்டும் பிடித்திருக்குமாறு விட வேண்டும். இல்லையெனில் சக்கரம் திடீரென விடுபட்டு முகத்தில் அடிக்கும்.
5. இழுப்பான் கருவியால் சக்கரத்தை வெளியே எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்தால் தாங்கிகளும் தண்டும் சேதமடையும்.
6. புதிய குடம் கையாலேயே வரிப்பற்களில் ஏறி, முழு ஆழத்திற்கு அமர வேண்டும். திருப்பக் குறிவிளக்கைத் தானே அணைக்கும் நாக்கும் உரிய இடத்தில் பொருந்த வேண்டும்.
7. நடு மரையைத் தயாரிப்பாளர் கையேடு கூறும் முறுக்குவிசைக்கு இறுக்க வேண்டும். ஆறு திருகாணிகளையும் எதிரெதிராக, படிப்படியாக இறுக்க வேண்டும்.
8. இரு பக்கமும் முழுவதுமாகத் திருப்பி, ஒலிப்பானையும் குறிவிளக்கையும் சோதித்த பின்னரே வண்டியை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். சில நாட்களில் மரையையும் திருகாணிகளையும் மீண்டும் சரிபார்த்தல் நன்று.

பாதுகாப்பு

விலை மலிவான மாற்றீட்டில் ஆபத்து பெரும்பாலும் சக்கரத்தில் இல்லை, குடத்திலேயே உள்ளது. வண்டிக்கு உரிய ஆயத்தக் குடம் கிடைக்காதபோது, பழைய சக்கரத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து, அதன்மேல் தகடு ஒன்றைப் பற்றவைத்துப் பயன்படுத்துவது உண்டு. பற்றவைப்பு வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தோன்றினாலும், உள்ளே முழுமையாக உருகிச் சேராமல் இருக்கலாம். ஒவ்வொரு திருப்பமும் அவ்விடத்தை முன்னும் பின்னும் முறுக்குவதால், நாளடைவில் அங்கு விரிசல் தோன்றும். அது முறியும்போது சக்கரம் கையோடு வந்துவிடும். அதன்பின் ஓட்டுநரிடம் எஞ்சுவது தடை மட்டுமே. கடைசல் பட்டறையில் ஒரே எஃகுத் துண்டிலிருந்து குடத்தைக் கடைந்து, வரிப்பற்களை அளவாக வெட்டிப் பெறுவது இதனினும் பாதுகாப்பானது. அதற்கு ஆகும் செலவைத் தவிர்ப்பது சிக்கனம் ஆகாது.

மோதலின்போது ஓட்டுநரின் மார்பு திசைமாற்றியில் மோதுவது பழைய வண்டிகளில் பெரும் ஆபத்தாக இருந்தது. மோதலில் மடங்கி ஆற்றலை உட்கொள்ளும் தண்டை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் 1967ஆம் ஆண்டு வண்டிகளில் அறிமுகப்படுத்தியது. நீளமான, கடினமான குடம் ஓட்டுநரின் மார்புக்கு அருகில் சக்கரத்தைக் கொண்டுவருவதால், இத்தகைய காப்பின் பயனைக் குறைத்துவிடும். காற்றுப்பை உள்ள பிற்கால வண்டிகளில் சக்கரத்தை மாற்றுவது அக்காப்பையே நீக்குவதாகும். இந்தியாவில் 2019 சூலை முதல் தயாராகும் தானுந்துகளில் ஓட்டுநர் காற்றுப்பை கட்டாயம்.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளரின் வரையறையினின்று வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கின்றது. அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே இங்கு 'மாற்றம்' எனக் கொள்ளப்படுகின்றது. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 98ஆம் விதி எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும். அதன்படி திசைமாற்றி நல்ல நிலையில் இருக்க வேண்டும். சக்கரத்தின் வெற்றாட்டம் 30 பாகையை மீறக்கூடாது. 380 மில்லிமீட்டர் சக்கரத்தின் வட்டையில் இது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அசைவாகும். சிறிய சக்கரத்தில் அதே வெற்றாட்டம் குறைந்த நீளமாகத் தெரியும். எனவே சக்கரத்தை மாற்றியதும் ஆட்டம் குறைந்துவிட்டதாகக் கருதக்கூடாது. தேய்ந்த மூட்டுகளைப் புதுப்பித்த பிறகு மட்டுமே ஆட்டம் குறையும்.

தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். தயாரிப்பில் உள்ள கான்டெஸ்ஸா இப்போது ஒன்றும் இல்லையாதலால், சாலையில் ஓடும் ஒவ்வொன்றும் இவ்வாய்வைக் கடந்தாக வேண்டும்.

மூலநிலை பேணல்

2021ஆம் ஆண்டின் விதித் திருத்தப்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், மூல வடிவில் பேணப்பட்டதும், பெருமாற்றம் செய்யப்படாததுமான வண்டி தொன்மை வண்டியாகப் பதிவு பெறலாம். முதல் கான்டெஸ்ஸா வண்டிகள் 2034இல் இவ்வயதை எட்டும். ஆகவே கழற்றிய மூலச் சக்கரம், ஒலிப்பான் பொத்தான், மரை ஆகியவற்றைத் துணியில் சுற்றிப் பாதுகாத்து வைப்பது ஆர்வலர்களுக்குப் பரிந்துரைக்கப்படுகின்றது. தண்டை வெட்டாமல் செய்யப்படும் மாற்றீட்டை எந்நேரமும் பழைய நிலைக்குத் திருப்ப முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

இந்துஸ்தான் அம்பாசடர்
ஸ்டாண்டர்டு ஹெரால்டு
முறுக்குவிசை
காற்றுப்பை