‘சேவிங் பிரைவேட் ரையன்’ கதைக்குப் பின்னால் ஒரு பாதிரியார்... யார் இந்த பிரான்சிஸ் சாம்ப்சன்?

அண்ணன்கள் மூவரும் போரில் இறந்துவிட, கடைசித் தம்பியைத் தேடிப் போய் வீட்டுக்கு அனுப்பும் கதைதான் ஸ்பீல்பெர்க்கின் ‘சேவிங் பிரைவேட் ரையன்’. இந்தக் கதைக்குத் தூண்டுதலாக இருந்த நிஜ சம்பவத்தில், தம்பியை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது ஒரு ராணுவ பாதிரியார். பெயர் பிரான்சிஸ் சாம்ப்சன்.

ராணுவத்தில் பாதிரியாருக்கு என்ன வேலை?

வழிபாடு நடத்துவது, காயம்பட்டவர்களுக்கு ஆறுதல் சொல்வது, இறந்தவர்களை அடக்கம் செய்வது. அதிகாரி பதவி உண்டு, கையில் ஆயுதம் கிடையாது. ஜெனிவா உடன்படிக்கைப்படி அவரைத் தாக்கவும் கூடாது. ஆனால் போர்க்களத்தில் அது எவ்வளவு தூரம் நடக்கும்?

நார்மண்டியில் என்னாச்சு?

1912-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்த சாம்ப்சன், 1941-ல் கத்தோலிக்கப் பாதிரியார் ஆனார். 1944 ஜூன் 6 அன்று 101-வது ஏர்போர்ன் டிவிஷன் வீரர்களோடு பாராசூட்டில் பிரான்சில் குதித்தார். படை பின்வாங்கியபோது, தூக்கிச் செல்ல முடியாத காயம்பட்டவர்களுடன் அவர் அங்கேயே தங்கிவிட்டார். ஜெர்மன் வீரர்கள் அவரைப் பிடித்துச் சுடத் தயாரானார்கள். கடைசி நேரத்தில் இன்னொரு ஜெர்மன் வீரர் தடுத்தார். அவரும் கத்தோலிக்கர். உயிர் தப்பிய சாம்ப்சன், திரும்பவும் காயம்பட்டவர்களிடமே போனார். இதற்காக அவருக்கு ராணுவத்தின் இரண்டாவது உயரிய வீர விருதான ‘டிஸ்டிங்குவிஷ்ட் சர்வீஸ் கிராஸ்’ கிடைத்தது.

‘நிஜ ரையன்’ யார்?

அதே டிவிஷனில் இருந்த ஃபிரிட்ஸ் நைலண்ட். அவருடைய அண்ணன்கள் இருவர் நார்மண்டியில் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். மூத்த அண்ணன் எட்வர்டும் பர்மாவில் இறந்துவிட்டதாகவே குடும்பத்துக்குத் தகவல். ஃபிரிட்ஸை ஊருக்கு அனுப்பும் ஏற்பாடுகளைச் செய்தவர் சாம்ப்சன். பிறகுதான் தெரிந்தது, எட்வர்ட் ஜப்பானியர்களின் சிறைமுகாமில் உயிரோடு இருந்தார்!

அதோடு முடிந்ததா?

இல்லை. 1944 டிசம்பரில் பெல்ஜியத்தின் பாஸ்டோன் அருகே சாம்ப்சன் மறுபடியும் பிடிபட்டார். 1945 வரை ஜெர்மனியில் போர்க்கைதி. 1950-ல் கொரியப் போரிலும் பாராசூட்டில் குதித்தார். 1967-ல், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்க ராணுவத்தின் தலைமை மதகுருவானார். மேஜர் ஜெனரல் பதவி. எல்லா மதங்களையும் சேர்ந்த ராணுவ குருமார்களுக்கும் இவர்தான் தலைவர். 1971-ல் ஓய்வு பெற்றார்.

1996-ல் சாம்ப்சன் காலமானார். படம் வெளியானது 1998-ல். அதில் பிரைவேட் ரையனைத் தேடிப் போவது பாதிரியார் அல்ல, ஒரு கேப்டன்.