பேர் போடாத கை

வத்திராயிருப்பு வட்டாரத்தில் ஓவியர் என்று விசாரித்தால் ஆள் கிடைக்காது. "போர்டு எழுதுறவர்" என்று கேட்டால்தான் கை காட்டுவார்கள். சதுரகிரிக்கு ஆடி அமாவாசைக் கூட்டம் போகிற வழியெல்லாம் கடைப்பலகை, சுவர் விளம்பரம், பள்ளிக்கூடச் சுவரில் வள்ளுவர் என்று எழுதித் தள்ளிய கைகளில் சேரிக் கைகளும் உண்டு. ஆனால் இந்தப் பக்கத்து ஓவிய வரலாறு பேசப்படும்போது அந்தக் கைகள் அதில் வருவதில்லை. திறமை இல்லாததாலா? தொழிலுக்குள் நுழையும் வாசலே வேறு மாதிரிக் கட்டப்பட்டிருந்ததாலா?

எழுதப்பட்ட வரலாறு கோவில்பட்டியில் தொடங்குகிறது. சி. கொண்டையராஜு (1898–1976) மயிலாப்பூரில் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிக்கு சீன் எழுதினார். 1940களில் கோவில்பட்டியில் தங்கி ஸ்டுடியோ நடத்தினார். டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் போன்ற சீடர்கள் அவரிடம் உருவானார்கள். அவர்கள் எழுதிய சாமி படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டராகி நாடெங்கும் போயின. படிப்பு, ஒரு குரு, உட்கார ஓர் இடம், வாங்கிக்கொள்ள ஓர் அச்சகம்: இந்த நாலும் சேர்ந்ததுதான் தொழில். கைத்திறன் ஐந்தாவது.

அந்த அச்சகம் எப்படி வந்தது? 1899இல் கோயில் நுழைவுத் தகராறை ஒட்டிச் சூறையாடப்பட்ட ஊர் சிவகாசி. அன்று வாசலில் தடுக்கப்பட்ட நாடார்கள் 1920களில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டி லேபிளுக்காக அச்சு வளர்ந்தது. அச்சு வளர்ந்தபின் காலண்டர். எந்தச் சாமியைப் பார்க்க விடவில்லையோ, அந்தச் சாமியைக் கடைக்காரர் பேரோடு வீட்டுக்கு வீடு அனுப்பினார்கள். கோயில் கதவு திறக்காத சேரிக்குள்ளும் சாமி மளிகைக்கடைக் காலண்டராக வந்து சேர்ந்தது. மூலதனம் கையில் வந்த சமூகம் பிம்பத்தையும் கையில் எடுத்தது. நிலமும் முதலும் இல்லாத எங்களுக்கு அது வாய்க்கவில்லை.

ஸ்டுடியோ வாசலில் சாதி கேட்டார்களா என்பது மட்டுமல்ல கேள்வி. இந்தத் தொழிலில் சேர்கிற பையன் பிரஷ் கழுவி, வர்ணம் கலந்து, ரெண்டு மூணு வருஷம் டீக்கும் சாப்பாட்டுக்கும் நிற்க வேண்டும். வயக்கூலிக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்க் கஞ்சி குடிக்கிற வீட்டில் ஒரு பையன் மூணு வருஷம் சம்பளமில்லாம நிக்க முடியுமா? சென்னையில் 1850இல் தொடங்கிய ஓவியப் பள்ளி இன்று அரசுக் கல்லூரி. இடஒதுக்கீடும் உண்டு. ஆனா, படம் வரையறதுக்குன்னு ஒரு காலேஜ் இருக்குன்னு எங்க தெருவில் யாரும் சொன்னதில்லை. தெரிந்தால்தானே சொல்வார்கள்.

எனக்கு பிரஷ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் மாமா. ஒரு ஊர்க் கோயிலில் சுதைச் சிற்பங்களுக்கு வர்ணம் அடிக்க அவரைக் கூப்பிட்டார்கள். சாரத்தில் ஏறி இருபது நாள் வேலை. சாமிக்குக் கண் எழுதுகிற அன்றைக்கு மட்டும் வேறு ஆள். கும்பாபிஷேகத்தை ரோட்டில் நின்று பார்த்தார். "நான் அடிச்ச வர்ணம் உள்ள இருக்கு, நான் வெளிய இருக்கேன்" என்று சிரித்தார். கடைப்பலகை ஓரத்தில் எழுதியவர் பேர் போடுவது வழக்கம். மாமா போடமாட்டார். பேர் தெரிந்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் அடுத்த போர்டு வராது.

அவர் பேர் போட்டது எங்கள் தெருச் சுவரில் மட்டும். 1991இல் அம்பேத்கர் நூற்றாண்டுக்கு, தபால்தலை அளவுப் படத்தில் கட்டம் போட்டு, அதை ஆறடிக்குப் பெருக்கி எழுதினார். பிறகு இம்மானுவேல் சேகரன். காலண்டரில் வராத முகங்கள் இப்படித்தான் சுவருக்கு வந்தன.

சுவரில் எழுதுவது சின்ன வேலை இல்லை என்பதை 1997 காட்டியது. விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்தபோது, அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் கலவரத்தில் எரிந்தது. கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பேரை எடுத்துவிட்டது. ஒரு பேரைத் தாங்கமாட்டாத ஊரில் அந்தப் பேரை எழுதுகிறவன் பாடு என்ன?

2000த்துக்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்தது. ஒரு நாள் எழுதுகிற போர்டு அரை மணியில் அச்சாகி வந்தது. மாமா வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போனார்.

இந்தக் காலத்தில் வேறொரு வாசல் திறந்திருக்கிறது: கேமரா. வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தலித் குடும்பத்தில் பிறந்து, தானே கற்றுப் புகைப்படக் கலைஞரானவர். அவர் பாட்டி பொன்னுத்தாய் தலித் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர். கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பி, சொந்தக் குடும்பத்தையே படமெடுத்தார் ஜெய்சிங். மதுரை ஜவஹர்லால்புரத்தில் வளர்ந்த மு. பழனிக்குமார் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து படமெடுத்தவர். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதலாவதாகப் பெற்றார். இருவர் படங்களுக்குக் கீழேயும் அவரவர் பேர் இருக்கிறது.

கலைத்தொழில் கைத்திறனில் மட்டும் தொடங்குவதில்லை. செய்த வேலைக்குக் கீழே பயமில்லாமல் பேர் போடுவதில் தொடங்குகிறது. படிப்புச் செலவும், பயிற்சிக் காலத்துக்குக் கூலியும், ஓவிய ஆசிரியர் உள்ள அரசுப் பள்ளியும் நாம் கேட்க வேண்டியவை. அதோடு இன்னொன்றும் உடனே செய்யலாம். உங்க ஊர்லயும் போர்டு எழுதின பெரியவர் ஒருத்தர் இருப்பார். போய்ப் பாருங்கள். என்னென்ன எழுதினார், என்ன கூலி வாங்கினார், எங்கே பேர் போட்டார், எங்கே போடவில்லை என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர் எழுதின சுவருக்கு இன்னொருவர் வெள்ளையடிப்பதற்கு முன்னால் அது நடக்க வேண்டும்.