விட்பிக்குப் போதல்

ஈழத்து வீடுகளில் "இவனை அங்கொடைக்கு அனுப்பவேணும்" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. சென்னைக்காரருக்கு அதே வேலையைக் கீழ்ப்பாக்கம் செய்தது. ரொறன்ரோக்காரருக்கு '999 குயின்' என்ற தெரு இலக்கம் போதுமாயிருந்தது. 1850இல் திறக்கப்பட்ட மனநோய்க் காப்பகத்தின் விலாசம் அது. பெயர் அவ்வளவு கெட்டுப்போனதால் 1970களில் பழைய கட்டடத்தை இடித்து, 1979இல் இலக்கத்தையும் 1001 என்று மாற்றினார்கள். நோயாளிகளைக் கொண்டே கட்டுவித்த மதிலின் பகுதிகள் மட்டும் இன்னும் நிற்கின்றன.

அந்தக் காப்பகத்துக்கு மாற்றாக எழுப்பப்பட்டதுதான் விட்பி மருத்துவமனை. முதலாம் உலகப் போருக்குச் சற்று முன்பு, ஒன்ராறியோ அரசு ஏரிக்கரையில் பெரும் நிலப்பரப்பை வாங்கிக் கட்டட வேலையைத் தொடங்கியது. கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கோவன். ஒரே பெரிய கோட்டைக்குள் எல்லோரையும் அடைக்காமல், சிறு சிறு வீடுகளாகப் பிரித்து, நீரும் வயலும் பார்த்தபடி வாழவிட்டால் மனம் தேறும் என்பது அக்காலத்துப் புதிய நம்பிக்கை.

வேலை முடியுமுன் போர் குறுக்கிட்டது. 1917இல் அந்த வீடுகளைக் காயப்பட்ட படைவீரருக்கான மருத்துவமனையாக எடுத்துக்கொண்டார்கள். 1919இல்தான் அது மனநோய் மருத்துவமனையாயிற்று. ஆக, வேறொரு தேவைக்குக் கட்டிய கூரையின் கீழ் அப்போது படுத்துறங்கியவர்கள், போருக்குப் போய் உடைந்து திரும்பிய இளைஞர்கள். அவர்களை யாரும் ஒளித்து வைக்கவில்லை. உடல் காயத்துக்கு ஊரில் மரியாதை இருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

1996இல் அருகிலேயே புதிய மருத்துவமனை திறந்தது. பழைய வீடுகள் வெறிச்சோடின. பேய்க்கதை தேடி இரவில் வேலி தாண்டியவர்களைத் தவிர அவற்றை விரும்புவார் இல்லை. கடைசியில் இடித்தார்கள். 2009இல் மருத்துவமனையின் பெயரும் 'ஒன்ராறியோ ஷோர்ஸ்' என்று மாறியது. பதின்ம வயதினருக்கென்று அங்கே தனிப் பிரிவும் இருக்கிறது.

ஸ்காபரோவிலிருந்து ஏஜக்ஸ், விட்பி என்று கிழக்கே நகர்ந்துவந்த நாங்கள், அங்கொடையையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். நண்பர் ஒருவரின் மகனை ஏரிக்கரைக்கு அழைத்துப் போகும்படி ஆலோசனை வந்தபோது, அவருடைய முதற் கேள்வி நோயைப் பற்றியதாக இருக்கவில்லை. "அங்க எங்கட காரை ஆரும் கண்டால்?" என்று கேட்டார். பையன் மேலும் ஐந்து மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான்.

இதே விட்பியில் வேறு இரண்டு கட்டடங்களுக்கு வேறு விதி வாய்த்தது. ஷெரிப் நெல்சன் ரெனால்ட்ஸ் 1859க்கும் 1862க்கும் இடையில் தனக்கென்று கட்டிய டிரஃபால்கர் மாளிகை 1874இல் பெண்கள் கல்லூரியாயிற்று. இன்றும் அது பள்ளிக்கூடம். 1903இல் கிராண்ட் டிரங்க் ரயில்வே கட்டிய நிலையம் பயனற்றுப்போய் இடிபட இருந்தது. ஊரார் முயன்று 1970இல் அதை அப்படியே பெயர்த்து வேறிடம் கொண்டுபோய் ஓவியக்கூடமாக்கினார்கள். இன்று பிள்ளைகள் அங்கே வண்ணம் தீட்டப் பழகுகிறார்கள். அதன் வாசலில் காரை நிறுத்த யாரும் கூச்சப்படுவதில்லை.

இளையோர் மனநலத்துக்கு இன்று உலகம் தேடுவது அப்படியான வாசலைத்தான். 2006இல் ஆஸ்திரேலியாவில் 'ஹெட்ஸ்பேஸ்' தொடங்கியது. ஒன்ராறியோவின் இளையோர் நல மையங்கள் 2017இலிருந்து இயங்குகின்றன. 12 முதல் 25 வயதுவரை உள்ளவர்கள் மருத்துவரின் கடிதமின்றி, பணமின்றி நேரே நுழையலாம். மனநலம், உடல்நலம், படிப்பு, வேலை எல்லாம் ஒரே கூரையின் கீழ் என்பதால், உள்ளே போகிறவர் எதற்காகப் போகிறார் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. நோய் முற்றியவருக்கு மருத்துவமனை வேண்டும்தான். முற்றுமுன் போக ஓர் இடம் வேண்டாமா?

கைவிட்ட கட்டடத்துக்கு உயிர் கொடுக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஸ்காபரோவின் தொழிற்கூடங்களில் கோயில் கட்டினோம். சரக்கு இறங்கிய பின்வாசலால் தேர் புறப்பட்டது. பண்டகசாலைகளில் பரதநாட்டிய அரங்கேற்றமும் பூப்புனித நீராட்டு விழாவும் நடத்தினோம். சாமிக்கும் சடங்குக்கும் கிடைத்த கூரையில் ஓர் அறை, பேச ஆளில்லாத பிள்ளைக்கும் கிடைக்கலாம். இரண்டு நாற்காலி, பயிற்சி பெற்ற ஒருவர், பிள்ளை சொல்வதை அப்பா அம்மாவுக்குக் கொண்டுபோகாத வாய்: தொடங்க இவ்வளவு போதும்.

பழைய மருத்துவமனை நின்ற கரையோரமாக இப்போது நடைபாதை போகிறது. அந்தப் பையனும் தகப்பனும் சில ஞாயிறுகளில் அங்கே நடக்கிறார்கள். காரை வாசலுக்கு நேரேதான் நிறுத்துகிறார்கள்.