ஒரே பெயரில் 3 குரூப்... லெம்மியில் எதில் சேர்வது?

ரெடிட்டை விட்டு லெம்மிக்கு வருபவர்கள் முதல் நாளே குழம்பும் இடம் இது. தேடலில் 'டெக்னாலஜி'ன்னு தட்டினா ஒண்ணு இல்ல, மூணு நாலு குரூப் வந்து நிக்கும். இதில் எது ஒரிஜினல்?

எல்லாமே ஒரிஜினல்தான்.

ஏன் இப்படி?

ரெடிட் ஒரே நிறுவனத்தின் தளம். அங்கே ஒரு பெயரை ஒருவர் எடுத்துவிட்டால் அடுத்தவருக்குக் கிடைக்காது. லெம்மி அப்படி இல்லை. ஆளுக்கு ஆள் தனியாக நடத்தும் பல சர்வர்கள், ஆக்டிவிட்டிபப் என்ற பொது விதிமுறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஜிமெயிலில் ஒரு 'குமார்' இருந்தால் யாஹூவிலும் ஒரு 'குமார்' இருக்கலாம் இல்லையா, அதே கதைதான். 2023 ஜூனில் ரெடிட்டின் ஏபிஐ கட்டணத்தை எதிர்த்து பலர் இங்கே வந்தபோது, லெம்மி.வேர்ல்ட், லெம்மி.எம்எல், பீஹா என ஒவ்வொரு சர்வரிலும் ஒரு டெக்னாலஜி குரூப் இருந்தது.

இதனால் என்ன பிரச்னை? ஒரே செய்தி மூணு இடத்தில் பகிரப்படும், கமெண்ட்டும் மூணா உடையும். பெரிய குரூப்புகள் இதைத் தாங்கிவிடும். தையல், பழைய கேமரா மாதிரி சின்ன ஆர்வக் குரூப்புகள்தான் பாவம். இருப்பதே முப்பது பேர், அவர்களும் பிரிந்துவிட்டால் கேள்விக்குப் பதில் சொல்லக்கூட ஆள் இருக்காது.

அப்போ எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்துடலாமே?

இங்கதான் சிக்கல். லெம்மியில் ஒரு குரூப்பின் பதிவுகள் அதன் தாய் சர்வர் வழியாகத்தான் மற்ற சர்வர்களுக்குப் போகும். அந்த சர்வர் மூடப்பட்டால், பழைய பதிவுகளின் நகல் மற்ற இடங்களில் கிடக்கும். ஆனால் புதிதாக எழுதுவது வெளியே போகாது. லெம்.ஈஈ என்ற பெரிய சர்வர், நிர்வகிக்கப் போதிய ஆள் இல்லாமல் 2025 ஜூன் இறுதியில் மூடப்பட்டது. அங்கிருந்த குரூப்புகள் வேறு வீடு தேடி ஓட வேண்டியதாயிற்று.

மூடாமலேயே உறவு முறியவும் செய்யும். 2023 ஜூனில் லெம்மி.வேர்ல்ட் உடனான தொடர்பை பீஹா துண்டித்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்ற சர்வரிலிருந்து வரும் கூட்டத்தைக் கண்காணிக்க முடியவில்லை என்பது அவர்கள் காரணம். பீஹாவின் டெக்னாலஜி குரூப்பை மட்டும் நம்பியிருந்த வேர்ல்ட் பயனர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. இன்னொரு குரூப் இருந்ததால் பிழைத்தார்கள்.

நீங்க என்ன செய்யலாம்?

படிக்க மட்டும்தான் என்றால் எல்லாவற்றிலும் சேர்ந்துவிடுங்கள், காசா பணமா! உங்கள் முகப்பில் எல்லாம் கலந்து வரும். பைஃபெட் என்ற இன்னொரு மென்பொருளில் பல குரூப்புகளை ஒரே ஃபீடாகத் தொகுக்கும் வசதியும் உண்டு.

எழுதுவதாக இருந்தால் ஒரு இடத்தைத் தேர்வு செய்யுங்கள். மொத்த உறுப்பினர் எண்ணிக்கையை விட, கடந்த மாதம் எத்தனை பேர் பங்கேற்றார்கள் என்பதே முக்கியம். அது பக்கவாட்டுப் பட்டியிலேயே இருக்கும். மற்ற குரூப்பிலும் தெரிய வேண்டுமா? கிராஸ்போஸ்ட் பட்டனை அழுத்துங்க. ஒரே லிங்க் வேறு எங்கே பகிரப்பட்டிருக்கிறது என்பதை லெம்மியே கீழே காட்டும். கமெண்ட் மட்டும் அங்கங்கேதான் இருக்கும்.

நீங்கள் மாடரேட்டரா? இரண்டு குரூப்பையும் அப்படியே இணைக்கும் பட்டன் லெம்மியில் இல்லை. எதிர்க் குரூப் மாடரேட்டரிடம் பேசி, ஓய்ந்து கிடக்கும் குரூப்பில் 'மாடரேட்டர் மட்டும் பதிவிடலாம்' என்ற அமைப்பைப் போட்டு, புது முகவரியை மேலே பின் செய்யுங்கள். குரூப்பை அழித்துவிடாதீர்கள். தாய் சர்வர் போனால் திரும்பி வர அந்த இடம் வேண்டும்.