ஓடாவி இல்லாத கரை

தமிழர் கப்பல் கட்டிய பெருமையைப் பேசுவோர் நம்மிடையே பலர். நாவாய், வங்கம், அம்பி, தோணி, திமில் என்ற சொற்கள் மேடைகளிலும் பாடநூல்களிலும் அடுக்கடுக்காக வரும். ஆயின், கட்டிய கலத்தை ஆண்டுதோறும் கரையேற்றிப் பழுது நீக்கி மீண்டும் கடலில் இறக்கிய கைகளைப் பற்றிப் பேசுவோர் அரியர். அந்தக் கைகளின் வரலாற்றையே இன்று எடுத்துக்கொள்கிறேன். சிறப்பாக, இயந்திரம் பூட்டிய பழைய மரக்கலங்களைப் புதுக்கிக் காத்த தொழிலைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

கொட்டாஞ்சேனையில் வாழ்பவர்களுக்குத் துறைமுகம் அயல்வீடு போன்றது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அணை எழுந்த பின்னரும் நெடுங்காலம் பெருங்கப்பல்கள் துறைமுகத்தின் நடுவே நங்கூரமிட்டு நிற்க, சரக்கை ஏற்றி இறக்கியவை மரத் தோணிகளே. தூத்துக்குடியிலிருந்தும் பாய்விரித்த தோணிகள் உணவுப் பொருள்களோடு இங்கு வந்தன. பிற்காலத்தில் அத்தோணிகளுக்கு டீசல் இயந்திரம் பூட்டினர். மாலைதீவு வரையும் அவை சென்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அவை கடலுக்குப் போவதில்லை. அந்த ஓய்வுக் காலமே அவற்றின் வைத்தியக் காலம். கடலில் எத்தனை மாதம் ஓடியது என்பதைப் போலவே, கரையில் எத்தனை நாள் எந்தக் கையில் கிடந்தது என்பதும் ஒரு தோணியின் ஆயுளைத் தீர்மானித்தது.

மரக்கலம் எவ்வாறு மூப்படைகிறது? பலரும் உப்புநீர்தான் மரத்தை அரிக்கிறது என எண்ணுவர். உண்மை வேறு. மேல்தட்டிலிருந்து கசிந்து உள்ளே தேங்கும் மழைநீரே மரத்தை உளுக்கச் செய்வது. உப்புநீரில் இருக்கும் பகைவன் மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு. இருப்பாணி துருப்பிடித்தால் அதைச் சுற்றியுள்ள பலகையும் கெடும். இவற்றோடு இயந்திரமும் சேர்ந்தது. பாய்க்காகக் கட்டிய உடலில் இயந்திரத்தை ஏற்றினால் அதன் பாரம் ஓரிடத்தில் குவிகிறது. ஓயாத அதிர்வால் ஆணிகள் தளர்கின்றன. பலகை மூட்டுகள் வாய் திறக்கின்றன. ஆகவே இயந்திரம் வந்தபின் பழுதுபார்ப்போனின் பணி குறையவில்லை, கூடியது.

அவன் பணிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அடிப்பாகமான ஏராவைப் பார்ப்பான். அது நேராக நின்றாற்றான் கலம் பிழைக்கும். அடுத்து விலா எலும்பு போன்ற வங்குகளைத் தட்டிப் பார்ப்பான். நல்ல மரத்தின் ஓசையும் உளுத்த மரத்தின் ஓசையும் அவன் காதுக்குத் தெரியும். கெட்ட பலகைகளை ஒரே நாளில் கழற்றிவிடமாட்டான். கழற்றினால் கலம் தன் வடிவத்தை இழந்துவிடும். ஒன்றைக் கழற்றி, அதே வளைவுக்குப் புதியதைச் சூடுகாட்டி வளைத்துப் பொருத்திய பின்னரே அடுத்ததில் கைவைப்பான். பின்னர் மூட்டுகளில் பஞ்சையோ நாரையோ திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையால் அடைப்பான். வெளிப்புறத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவதும் உண்டு. கடைசியில் கலத்தை நீரில் இறக்குவார்கள். முதலில் சிறிது கசியும். பலகைகள் நீரை உண்டு ஊறி ஒன்றையொன்று நெருக்கும்போது கசிவு நின்றுவிடும். அதுவரை பொறுத்திருப்பதும் தொழிலின் ஒரு பகுதியே.

மூட்டு அடைக்கும் இவ்வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். போர்த்துக்கேயரின் ‘கலபாத்தே’ என்ற சொல் நம் கரையில் இவ்வாறு தமிழாயிற்று. சுக்கான் அரபுச் சொல். ஒரு கலத்தின் உறுப்புகளைப் பெயர் சொல்லி அழைத்தாலே இந்து சமுத்திரத்தின் வரலாறு நம் வாயில் வந்துவிடுகிறது. மரக்கலம் செய்யும் தச்சனை ஓடாவி என்பது நம்மூர் வழக்கு. நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பில் ஒருநாள் இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வளரும் பிள்ளைகள், பெரும்பாலோர் வடக்கிலிருந்து பெயர்ந்துவந்த குடும்பத்தவர். ஒருவன் ‘ஓடிப்போனவனா சேர்?’ என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் இருந்த மாணவன் மட்டும், ‘எங்கட அம்மப்பா ஓடாவியார் சேர், உளியைப் பெட்டிக்குள்ள வைச்சிருக்கிறார்’ என்றான். அந்த உளி இப்போது எதைச் செதுக்குகிறது என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

வல்வெட்டித்துறை ஓடாவிகளின் திறனுக்கு உலகறிந்த சான்று ‘அன்னபூரணி’. வேப்பமரத்தால் அங்கு கட்டப்பட்ட ஏறத்தாழ 90 அடி நீளமான பாய்க்கப்பல் அது. வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதனை வாங்கினார். இவர் சாதாரணப் பயணியல்லர். 32 அடிப் படகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த கடலோடி. கலத்தின் தரமறிந்த அவர் நம்மூர்க் கப்பலைத் தேர்ந்தார். அதற்குத் தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சீ. றொபின்சன்’ எனப் பெயரிட்டார். வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளும் உடன்செல்ல, 1938 ஓகஸ்டில் அது மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. இது நமக்குப் பெருமைதான். எனினும் அன்னபூரணி போய்ச் சேர்ந்தது வேறு பெயரில். கலம் கைமாறும்போது முதலில் அழிவது அதன் பெயர். பெயரோடு அதைச் செய்த ஊரும் மறைகிறது.

அடுத்த மாற்றம் 1950களின் இறுதியில் வந்தது. 28 அடி நீளமான மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகளை அரசு மீனவருக்கு அறிமுகப்படுத்தியது. 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியுடன் உருவான சீநோர் நிறுவனம் காரைநகரில் படகு கட்டும் தளம் அமைத்தது. கண்ணாடி இழைப் படகுகள் பரவின. அவை இலேசானவை. புழு அரிக்காது. கலப்பத்தும் வேண்டியதில்லை. மீனவன் அவற்றை விரும்பியதில் குற்றம் காண்பது நியாயமாகாது. பின்னர் போர்க்காலத்துக் கடற்றடைகள் வந்தன. படகு ஓடாத கரையில் பழுதுபார்க்கவும் எதுவும் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நிவாரணமாக வந்து குவிந்தவையும் பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகளே. ஓடாவியின் மகன் வேறு தொழில் தேடினான்.

இந்நிலையிலும் ஒரு பழைய மரப்படகு தன் பெயரோடு நிலைத்தது. அதுவே நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானுக்கும் இடையே ஓடிய ‘குமுதினி’. 1985 மே 15ஆம் நாள் காலை நெடுந்தீவிலிருந்து பயணிகளோடு புறப்பட்ட குமுதினியை நடுக்கடலில் மறித்து ஏறியவர்கள் பயணிகளை வெட்டிக் கொன்றனர். பெண்களும் கைக்குழந்தையும் அவர்களுள் அடங்குவர். குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் என்று தீவக மக்கள் நினைவுகூர்கின்றனர். உயிர்தப்பியோரின் சாட்சியம் கடற்படையினரைச் சுட்டியது. அத்தகைய படகைக் கண்காணாமல் ஒழித்துவிடுவதே மனித இயல்பு. தீவு மக்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை. ஆசுபத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் அவர்கள் கடல் தாண்டியே ஆகவேண்டும். குமுதினி மீண்டும் ஓடியது. பல பதிற்றாண்டுகள் அதே பெயரோடு ஓடியது. பலமுறை கரையேற்றப்பட்டுத் திருத்தப்பட்டது. தாயை இழந்த பிள்ளை, தாய் இறந்த படகிலேயே ஏறிப் பரீட்சைக்குப் போனது. அந்தப் படகின் ஒவ்வொரு பலகையையும் மாற்றினாலும் அது குமுதினிதான். அதை அறிந்த மக்கள் இருக்கும்வரை அதன் பெயர் மாறாது.

இதனை ஒத்த ஒரு செய்தி மேலைநாட்டிலும் உண்டு. 1940 மே, ஜூன் மாதங்களில் டன்கேர்க் கடற்கரையில் சிக்கிய படைகளை மீட்க, நூற்றுக்கணக்கான சிறு படகுகள் இங்கிலாந்திலிருந்து சென்றன. அவற்றுள் ‘சன்டவுனர்’ என்ற மர இயந்திரப் படகும் ஒன்று. அதன் உரிமையாளர் லைற்றோலர், டைட்டானிக் கப்பலின் இரண்டாம் அதிகாரியாயிருந்து பிழைத்தவர். ஏறத்தாழ 130 பேரை அவர் அதில் ஏற்றி வந்தார். அச்சிறு படகுகளைக் காப்பதற்கென 1966இல் ஒரு சங்கமே அமைத்தனர். உளுத்த பலகையை மாற்றுவதற்கு ஆளும் பணமும் தேடினர். எந்தப் படகு எங்கே இருக்கிறது என்று ஏடு வைத்தனர். படகின் மரத்தோடு அதன் கதையும் காக்கப்பட்டது.

நம்மிடம் அத்தகைய ஏடு இல்லை. இதன் விளைவு என்னவாகும் என்பதைத் தெற்கே தொடந்துவையில் காணலாம். யாத்ரா என்று சிங்கள மக்கள் வழங்கிய இரட்டைப் பாய்மரக் கலங்களுள் கடைசியானது 1930 அளவில் மாலைதீவில் உடைந்தது. இன்று அதன் உருவை அறிய வேண்டுமாயின் தொடந்துவைக் குமாரகந்த விகாரையிலுள்ள மாதிரி வடிவத்தையே பார்க்கவேண்டும். ஒரு மாதிரியாவது எஞ்சியதே, அது அவர்கள் பேறு.

நேயர்களே, பழைய படகொன்றைப் புதுக்க மரமும் பணமும் தேடிக்கொள்ளலாம். ஏரா எது, வங்கு எது, எந்த ஓசை உளுத்த மரத்தின் ஓசை என்று சொல்லித்தர ஆள் இல்லையேல் அவற்றால் பயனில்லை. உங்கள் வீட்டில் கடலோடியோ ஓடாவியோ முதியவர் ஒருவர் இருந்தால், இந்த வாரமே அவரருகில் அமருங்கள். அவர் சொல்லும் உறுப்புகளின் பெயர்களையும் அவர் கையாண்ட மரங்களின் பெயர்களையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திருத்திய படகுகளின் பெயர்களைக் கேட்கவும் மறவாதீர்கள். பிள்ளைகளை எழுதவிட்டால் இன்னும் நல்லது.