எதிராளியே கைதட்டிய ஆட்டம்

1972ஆம் ஆண்டு ஜூலை 23. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் உலக செஸ் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். ஒரு பக்கம் நடப்புச் சாம்பியன், சோவியத் யூனியனின் போரிஸ் ஸ்பாஸ்கி. மறுபக்கம் அமெரிக்காவின் பாபி ஃபிஷர். 1948 முதல் இந்தப் பட்டம் சோவியத் வீரர்களின் கையை விட்டுப் போனதே இல்லை. பனிப்போர்க் காலம் என்பதால் செஸ் தெரியாதவர்களும் இந்தப் போட்டியைக் கவனித்தார்கள்.

முதல் ஆட்டத்தில் ஃபிஷர் தோற்றார். இரண்டாவது ஆட்டத்துக்கு அவர் வரவே இல்லை, அந்தப் புள்ளியும் போனது. 0-2 என்ற நிலையிலிருந்து மீண்டு, ஐந்தாவது ஆட்டத்தின் முடிவில் 2½-2½ என்று சமன் செய்திருந்தார்.

வெள்ளைக் காய்கள் கிடைத்தால் ஃபிஷர் அநேகமாக எப்போதும் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத்தான் இரண்டு கட்டம் நகர்த்துவார். செஸ் உலகத்துக்கே இது தெரியும். ஆனால் அன்று அவர் நகர்த்தியது ராணிப் பக்கத்து மந்திரியின் சிப்பாயை! சில நகர்த்தல்களில் ஆட்டம் குயின்ஸ் கேம்பிட்டாக மாறியது. ஸ்பாஸ்கி, தான் பெரிதும் நம்பிய டார்டகோவர் தற்காப்பை ஆடினார். குதிரையின் சிப்பாயை ஒரு கட்டம் முன்னேற்றி, அடைபட்டுக் கிடக்கும் மந்திரிக்கு வழி திறப்பதுதான் இதன் அடிப்படை.

14ஆவது நகர்த்தலில் ஃபிஷர் மந்திரியை பி5 கட்டத்துக்குக் கொண்டுபோனார். ஸ்பாஸ்கியால் அதற்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. வெள்ளைச் சிப்பாய்கள் நடுவில் முன்னேற முன்னேற, கறுப்புக் காய்கள் ஒடுங்கின. ஒரு கட்டத்தில் ஸ்பாஸ்கி ராணியை இரண்டே கட்டங்களுக்கு இடையில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். 38ஆவது நகர்த்தலில் ஃபிஷர் யானையைக் கொடுத்துக் குதிரையை வெட்டினார். ராஜாவின் அரண் உடைந்தது. 41ஆவது நகர்த்தலுக்குப் பின் ஸ்பாஸ்கி தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அரங்கம் கைதட்டியது. ஸ்பாஸ்கியும் சேர்ந்து கைதட்டினார்!

ஃபிஷர் முன்னிலை பெற்றார். 12½-8½ என்ற கணக்கில் சாம்பியனும் ஆனார்.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த வருடமே, 1973இல், நெதர்லாந்தின் ஹில்வர்சம் நகரில் டிம்மனுக்கு எதிராக அதே நிலை எஃபிம் கெல்லருக்கு வந்தது. அவர் 14ஆவது நகர்த்தலில் ராணியை பி7 கட்டத்தில் வைத்து வென்றார். இந்தக் கெல்லர் யார் தெரியுமா? ரெய்க்யவிக்கில் ஸ்பாஸ்கிக்கு உதவியாளராக இருந்தவர்! ஸ்பாஸ்கியின் தற்காப்பில் குறையில்லை. ஃபிஷர் தன் பழக்கத்தை விட்டு இந்தப் பக்கம் வருவார் என்று எதிர்பார்க்காததுதான் குறை.